இரண்டு வாங்குகள்: திருகோணமலைத் துறைமுகத்து ஹோட்டல் பற்றி

எங்கள் பக்கம் 'ஹோட்டல்' என்றால் தங்குமிடம் அல்ல. வெளியூர்க்காரர் ஒருவர் பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே போய், 'அறை இருக்கிறதா?' என்று கேட்டால், காசு மேசையில் இருப்பவர் சிரித்துவிட்டு ஒரு பிளேன்டீ குடிக்கச் சொல்லுவார். சோறு, ரொட்டி, இறைச்சிக் கறி, எந்நேரமும் கொதிக்கும் தேத்தண்ணி, நாலு வாங்கு, ஒரு கண்ணாடி அலுமாரி, சுவரில் பிஸ்மில்லாஹ் எழுதிய சட்டம். இவ்வளவும் சேர்ந்ததுதான் ஹோட்டல். மரக்கறிச் சாப்பாடு மட்டும் கொடுப்பது சைவக் கடை. பாணும் பணிசும் சுடுவது பேக்கரி. மூன்றும் வேறு வேறு என்பது எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

பள்ளிவாசல்கள், ஸியாரங்கள், புலவர்கள், கப்பல் வணிகர்கள் ஆகியோரின் வரலாற்றை எமது ஆய்வாளர்கள் அக்கறையோடு தேடி எழுதியிருக்கிறார்கள். முஸ்லிம் ஹோட்டலுக்கு அந்த அக்கறை கிடைக்கவில்லை. அது வெறும் வயிற்றுப்பாட்டுச் சங்கதி என்ற நினைப்புத்தான் காரணம் போலும். ஆனால் ஒரு துறைமுகத்துக்கு யார் யார் வந்து போனார்கள், அவர்களோடு நாம் எப்படி நடந்துகொண்டோம் என்பதற்கு அந்தக் கடையை விட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. திருகோணமலை உட்துறைமுக வீதியில் நான் சிறுவயதில் சாப்பிட்ட கடையொன்றை முன்வைத்து இதை விளக்கப் பார்க்கிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. கை மாறி, பெயர்ப்பலகையும் மாறிவிட்டது.

கடை ஏன் அங்கே வந்தது?

திருகோணமலை நகரம் இரண்டு கடல்களுக்கு நடுவே கிடக்கும் ஒடுங்கிய நிலம். கிழக்கே திறந்த குடா. மேற்கே, மலைகள் காற்றை மறிக்கும் உட்துறைமுகம். 1795இல் ஒல்லாந்தரிடமிருந்து இதைப் பிடித்த ஆங்கிலேயர், பிற்காலத்தில் பெரும் கடற்படைத் தளமாக்கினார்கள். 1927இல் ரயில் வந்தது. சீனக்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதும் இந்தத் தளத்தைக் குறிவைத்துத்தான். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. அதுவரை கப்பல்கட்டுத் தளத்தில் வேலை செய்தவர்களில் தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர், மலையாளிகள் எல்லோரும் இருந்தார்கள்.

இந்தக் கரையில் சாப்பாடு தேடியவர்கள் மூன்று வகை. முறைவேலைக்குப் போகும் துறைமுகத் தொழிலாளி. சுபஹுக்கு முன்னரே கடலுக்குப் போகும் மீனவர். மூதூருக்கு லாஞ்சி பார்த்து நிற்கும் பயணி. மூவருக்கும் வீடு பக்கத்தில் இல்லை, நேரமும் தங்கள் கையில் இல்லை. கப்பல் வந்தால் வேலை, காற்று விட்டால் லாஞ்சி, மீன் பட்டால் காசு.

ஹோட்டலின் அமைப்பு முழுவதும் இந்த ஒரு காரணத்திலிருந்து வந்ததுதான். எப்போது ஆள் வருவார் என்று தெரியாத இடத்தில், சமைத்துக் கொடுக்கும் சாப்பாடு சரிவராது. எடுத்துக் கொடுக்கும் சாப்பாடு வேண்டும். அதனால் ஆறினாலும் கெடாத ரோல்ஸ், கட்லட், மரக்கறி ரொட்டி கண்ணாடி அலுமாரியில் இருக்கும். சூடுகாட்டச் சூடுகாட்ட ருசி கூடும் இறைச்சிக் கறி அடுப்பில் இருக்கும். தேத்தண்ணி அடுப்பு அணையாது. கடன் கொப்பியும் இதே காரணத்தால்தான் வந்தது. மீனவருக்கு நாளைக்கு ஒரு வருமானம், தொழிலாளிக்கு மாதத்துக்கு ஒரு சம்பளம், வயிற்றுக்கோ நாளைக்கு மூன்று வேளை. இடையிலுள்ள பள்ளத்தைக் கொப்பி நிரப்பியது. (கொப்பிக்கும் கோப்பிக்கும் கொம்பில் ஒரு சுழிதான் வித்தியாசம் என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஹோட்டலில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தன.)

இன்னொரு காரணமும் உண்டு. துறைமுகம் என்றால் தவறணை இருக்கும். சம்பளக் காசு அங்கே கரையும். குடிக்காதவனும், குடியை விட்டவனும், வீட்டுக்குக் காசு கொண்டுபோக நினைத்தவனும் உட்கார ஓரிடம் வேண்டும். மதுவுக்கு இடமில்லாத முஸ்லிம் ஹோட்டல் அந்த இடமாக இருந்தது. எங்கள் ஊர்த் தாய்மார், 'ஹோட்டலில் இருக்கிறார்' என்று கேட்டால் நிம்மதி அடைந்ததற்கு இதுவே காரணம்.

வங்காள விரிகுடாவின் அடுத்த கரையிலும் இதுதான் நடந்தது. பினாங்குத் துறைமுகத்தில் தமிழ் முஸ்லிம்கள் தோளில் தடி வைத்து, இரு முனையிலும் சோறும் கறியும் தொங்கவிட்டு, கூலியாட்களுக்கு விற்றுத் திரிந்தார்கள். அந்தத் தடிக்கு மலாய் மொழியில் 'கண்டார்'. 'நாசி கண்டார்' என்ற பெயர் அப்படி வந்தது. 1907இல் தொடங்கிய ஹமீதியா உணவகம் இன்றும் அங்கே நடக்கிறது. கொழும்பில் தொழில் பழகிய ஏ.எம். புகாரி 1951இல் சென்னை மவுண்ட் ரோட்டில் திறந்த ஹோட்டல் அந்நகரின் அடையாளங்களில் ஒன்று. கடல் கடந்து கடை போட்ட அந்தப் பெரிய குடும்பத்தில் எங்கள் உட்துறைமுகத்து ஹோட்டலும் ஒரு பிள்ளை. அவற்றுக்கு வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. எங்களுடையதற்கு இல்லை.

திரைக்குப் பின்னால்

நான் மூதூர்ப் பிள்ளை. தொண்ணூறுகளில் யுத்தம் காரணமாகத் தரைவழி நம்ப முடியாததாக இருந்தது. கொட்டியாரக் குடாவை லாஞ்சியில் கடந்துதான் திருகோணமலைக்கு வருவோம். உயர்தரத் தமிழ் வகுப்புக்காகச் சனிக்கிழமைகளில் வாப்பா என்னைக் கூட்டி வருவார். லாஞ்சிக்கு நேரம் இருந்தால் ஹோட்டலுக்குப் போவோம். முன் மண்டபம் ஆம்பிளைகளுக்கு. பொம்பிளைகளுக்குப் பின்னால் பலகையால் அடைத்து, பச்சைத் திரை தொங்கவிட்ட ஒரு சின்ன அறை. ஆகவே அந்தக் கடையை நான் கண்ணால் அறிந்ததை விடக் காதால் அறிந்ததே அதிகம்.

முதலில் தட்டு வரும். அந்தத் தட்டின் நடைமுறையை இளைய வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். நீங்கள் என்ன வேண்டுமென்று கேட்பதற்கு முன்னரே, பரிமாறுபவர் ரோல்ஸ் இரண்டு, கட்லட் இரண்டு, ரொட்டி இரண்டு, வாழைப்பழம் இரண்டு என்று அடுக்கிய தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போய்விடுவார். விரும்பியதைச் சாப்பிடலாம். எழும்பும்போது தட்டில் மிஞ்சியதைப் பார்த்து, குறைந்ததற்கு மட்டும் காசு. தட்டுக்குத் தட்டு எண்ணிக்கை ஒன்று என்பதால் கணக்குச் சுலபம். வெறும் கழித்தல்.

எழுதிய பில் கிடையாது. நாம் வாசலை நோக்கி நடக்கும்போது பரிமாறுபவர் உள்ளேயிருந்து தொகையைக் கூவுவார். காசு மேசையில் அது போய் விழும். ஆளின் பெயர் தெரியாது. ஆகவே அடையாளம் சொல்லிக் கூவுவார். 'வெள்ளைச் சட்டை முப்பத்திரண்டு!' 'குடைக்காரர் பதினெட்டு!' 'மாஸ்டரும் மகளும் நாப்பது!' கடைசியில் வந்தது நாங்கள். ஒரே வரியில் ஆள், உறவு, தொகை மூன்றும் வந்துவிடும். சுருங்கச் சொல்லல் என்ற அழகை நன்னூலில் படிக்குமுன்னரே நான் அந்தத் திரைக்குப் பின்னால் கேட்டிருக்கிறேன்.

பேச்சுக் கலவையும் அப்படித்தான். கடற்படைக்காரர் சிங்களத்தில் கேட்பார், பரிமாறுபவர் சிங்களத்தில் சொல்லி, குசினிக்குத் தமிழில் கூவுவார். சைவக்காரத் தமிழ் வாத்தியார் ஒருவர் தேத்தண்ணிக்கு மட்டும் வருவார். அவருக்கு மரக்கறி ரொட்டி தனித் தட்டில் போகும், யாரும் சொல்லாமலே. பத்திரிகை ஒன்றுதான் வாங்குவார்கள். 'வீரகேசரி'யோ 'தினகரன்'னோ, தாள் தாளாகப் பிரிந்து மேசைக்கு மேசை போய், பகல் பன்னிரண்டு மணிக்கு மறுபடி ஒன்றுசேரும். ரமழானில் வாசலில் துணித்திரை தொங்கும். உள்ளே பயணிகளுக்கும் பிற சமயத்தவர்க்கும் மட்டும் சாப்பாடு. அஸருக்குப் பிறகு கஞ்சிப் பானையின் வாசம் வீதிக்கு வரும்.

இத்தகைய இடங்கள் எமது சமூகத்துக்குப் புதியவை அல்ல. யமன் நாட்டு ஸூபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்கக் கஹ்வா குடித்தார்கள். அது மக்காவுக்குப் பரவி, மக்கள் கூடிக் குடித்துப் பேசத் தொடங்கியதும், 1511இல் கைர் பேக் என்ற அதிகாரி அதைத் தடைசெய்தார். அந்தத் தடை நெடுநாள் நிற்கவில்லை. கோப்பையைச் சுற்றி மனிதர் கூடினால் பேச்சு வரும், பேச்சு வந்தால் ஊரின் அபிப்பிராயம் உருவாகும் என்பது அதிகாரிகளுக்கு அன்றே விளங்கியிருக்கிறது.

தளபாடங்களின் அகராதி

தமிழ்ச் சிறப்புப் பட்டத்துக்குப் படித்தபோது இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்கையும் மனனம் செய்தோம். பிறமொழிச் சொற்களுக்கு உதாரணம் தேடி நான் நூலகத்துக்குப் போக வேண்டியிருக்கவில்லை. ஹோட்டலை நினைத்தால் போதும்.

மேசை, அலுமாரி, கோப்பை, குசினி, பாண், விசுக்கோத்து: இவையெல்லாம் போர்த்துக்கேயர் தந்தவை. தவறணையும் அவர்கள் வழியில் வந்ததே. 1624இல் திருகோணமலையில் கோட்டை கட்டிய அவர்கள் பதினைந்து ஆண்டுகளில் அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆனால் அவர்களுடைய மேசையில்தான் நாம் இன்னும் சாப்பிடுகிறோம். தேத்தண்ணியில் உள்ள 'தே' தென்சீனக் கரையில் பிறந்து, ஒல்லாந்தக் கப்பல்களால் உலகெங்கும் போன சொல், 'தண்ணி' நம்முடையது. சம்பல் மலாய்க்காரரின் சொல். புரியாணி பாரசீகம். பிளேன்டீயும் கட்லட்டும் ஆங்கிலம். வட்டிலப்பம் மட்டும் சுத்தத் தமிழ்: வட்டிலில் வேகவைத்த அப்பம். பீங்கான் பாரசீகத்துப் 'பிங்கான்'. அரபு நாட்டில் கோப்பி குடிக்கும் கிண்ணத்துக்கு வழங்கும் 'பின்ஜான்' என்ற பெயரும் அதே வேரிலிருந்து வந்தது. அரபியர் கையிலிருந்த கிண்ணமும் மூதூர் மீனவர் கையிலிருந்த பீங்கானும் பெயரால் சகோதரர்கள்.

இந்தச் சொற்கள் திருகோணமலைக்கு மட்டும் உரியவை அல்ல, தீவு முழுவதும் வழங்குபவை. சில தமிழ்நாட்டிலும் உண்டு. ஆனால் கடல் வழியே வந்த அத்தனை சாதியாரின் சொற்களும் பத்துக்குப் பதினைந்தடி மண்டபம் ஒன்றுக்குள் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைத் துறைமுகத்து ஹோட்டலில் பார்த்ததுபோல நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இவற்றுள் எனக்கு மிகப் பிடித்த சொல் 'வாங்கு'. போர்த்துக்கேய 'பாங்கோ' நம் வாயில் வாங்கு ஆகி, முதுகு சாயாத நீண்ட பலகை இருக்கைக்குப் பெயரானது. பாரசீகத்தில் 'குரல்' என்று பொருள்படும் 'பாங்' நம் வாயில் பாங்கு என்றும் வாங்கு என்றும் ஆகி, தொழுகைக்கான அழைப்புக்குப் பெயரானது. லிஸ்பனில் இருந்து ஒன்று, ஈரானில் இருந்து ஒன்று. இரண்டும் ஒரே எழுத்தில் வந்து முடிந்தன. லுஹருக்கு வாங்கு சொன்னதும் வாங்கில் இருந்தவர்கள் எழும்புவார்கள். கடைக்காரர் அடுப்பைத் தணித்துவிட்டுப் போவார். தொழாதவர்கள் அவர் திரும்பி வரும்வரை இருப்பார்கள். கண்ணாடி அலுமாரி பூட்டாமல் கிடக்கும்.

வாங்கு என்ற இருக்கையில் ஒரு சமூக ஒழுங்கும் இருந்தது. கதிரை ஒருவருக்கு. வாங்கு அப்படியில்லை, புதிதாக ஒருவர் வந்தால் இருப்பவர் நகர வேண்டும். தோளோடு தோள் முட்டும். பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்து உட்கார முடியாது. பள்ளிவாசல் ஸப்பில் உள்ள அந்த நெருக்கம் எல்லாச் சமூகத்தவர்க்கும் கிடைத்த இடம் ஹோட்டல் வாங்குதான்.

என்ன மாறியது?

சென்ற விடுமுறையில் மகளைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். கட்டடம் அதேதான். தரைக்கு மாபிள் போட்டிருக்கிறார்கள். தனித்தனிப் பிளாஸ்டிக் கதிரைகள். சுவரில் ஒளிரும் பலகையில் சீஸ் கொத்து, டொல்பின் கொத்து, ஃப்ரைட் ரைஸ். தட்டு வரவில்லை, பட்டியல் வந்தது. பில் இயந்திரத்தில் அச்சாகியது. வாங்குகளில் ஒன்று மட்டும் குசினி வாசலில் சோடாப் பெட்டிகளைத் தாங்கிக்கொண்டு கிடந்தது. பச்சைத் திரை இல்லை. நானும் மகளும் முன் மண்டபத்தில், வீதி தெரிய உட்கார்ந்து சாப்பிட்டோம். அது நல்ல மாற்றம். பழையதெல்லாம் பொன் என்று சொல்ல நான் வரவில்லை. தட்டிலிருந்து தட்டுக்குப் போன ரோல்ஸை எத்தனை பேர் தொட்டிருப்பார்கள் என்று இன்று யோசித்தால், பட்டியலும் நல்லதுதான்.

மாற்றத்துக்கான காரணங்களை வரிசைப்படுத்தலாம். 2004 டிசம்பரில் சுனாமி. 2006 ஓகஸ்டில் மூதூர்ச் சண்டை. எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. அதன்பின் பாலங்கள். 2009 ஒக்டோபரில் சவூதி அரேபியாவின் உதவியோடு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. 2011இல் கங்கை, இறால்குழிப் பாலங்களும் வந்தன. முன்பு பாதைக்குக் காத்து நின்ற இடங்களில் பஸ் இப்போது நிற்காமல் ஓடுகிறது. பாலங்கள் எமக்குப் பெரிய நிஃமத். நோயாளியைத் தோணியில் ஏற்றிய தலைமுறைக்கு அதன் பெறுமதி தெரியும். ஆனால் பாலம் வந்தபோது காத்திருத்தல் போயிற்று. காத்திருத்தலை நம்பி இருந்த ஹோட்டலும் ஆட்டம் கண்டது. பிறகு கொரோனா தட்டை ஒழித்தது. 2022இல் எரிவாயுவுக்கு வரிசை, கோதுமை மாவுக்கு எட்டாத விலை. 1980 முதல் பிரீமா மா ஆலை இயங்கும் துறைமுகத்தின் கரையிலேயே ரொட்டிக்கு மாவில்லாமல் கடைகள் அரைநாள் பூட்டின.

காசு மேசைக்குப் பக்கத்தில் ஒரு முதியவர் இருந்தார். குரலைக் கேட்டதும் தெரிந்தது. அந்நாளில் தொகை கூவியவர். மூதூர் மாஸ்டரின் மகள் என்று சொன்னேன். 'மாஸ்டரும் மகளும்' என்று அவரே சொல்லிச் சிரித்தார். நெடுநாளாக மனதில் கிடந்ததைக் கேட்டேன்.

"காக்கா, அந்தத் தட்டில ஆரும் களவு செய்ய மாட்டாங்களா? ரெண்டைத் திண்டுட்டு ஒண்டு எண்டு சொன்னா?"

"செய்வாங்கதானே டீச்சர். சாமானை எண்ணி வச்ச எங்களுக்குத் தெரியாதா? தெரிஞ்சாலும் சில ஆளுக்கு ஒண்டைக் குறைச்சுத்தான் கூவுவோம். வேல இல்லாத நேரம் அவன் என்ன செய்வான்? முதலாளிக்கும் தெரியும். அவர் ஒருநாளும் கேக்கல்ல."

கழித்தல் கணக்கு என்று நான் நினைத்திருந்ததற்குள் இன்னொரு கணக்கு இருந்திருக்கிறது. கொடுப்பவர் பெயரும் இல்லை, வாங்கியவர் பெயரும் இல்லை. உரக்கக் கூவிய ஒரு தொகைக்குள் ஒரு ஸதகா மறைந்து போயிருக்கிறது. வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தைப் பற்றி ஹதீஸில் படித்த நாங்கள், அதை நடத்திக்காட்டிய முறை ஒன்று எங்கள் கடைத்தெருவிலேயே இருந்ததை எங்கும் எழுதிவைக்கவில்லை. இயந்திரத்துக்கு ஒன்றைக் குறைத்து அச்சடிக்கத் தெரியாது.

செய்ய வேண்டியது

பாடசாலை திறந்ததும் வகுப்பில் 'வாங்கு' என்ற சொல்லின் பொருள்களைக் கேட்டேன். பள்ளியில் சொல்வது என்றார்கள், கடையில் வாங்குவது என்றார்கள். இருக்கை என்று ஒரேயொரு பிள்ளை சொன்னாள். அவளுடைய மூத்தம்மாவின் வீட்டில் ஒன்று இருக்கிறதாம். ஒரு பொருள் பாவனையிலிருந்து போனால் சொல் கொஞ்சக் காலம் தனியே நிற்கும். பிறகு அதுவும் போகும்.

பிரெடெரிக் கோட்டையின் கல்லைப் பாதுகாக்க அரசாங்கம் இருக்கிறது. வாங்கைப் பாதுகாக்க யாரும் வரமாட்டார்கள். எல்லாப் பழைய கடைகளையும் அப்படியே வைத்திருக்கவும் முடியாது, வைத்திருக்கத் தேவையும் இல்லை. எழுதிவைக்கலாம். அதற்குப் பெரிய நிதியோ நிறுவனமோ வேண்டாம். உயர்தர வகுப்புப் பிள்ளைகளிடம் ஒப்படையாகக் கொடுத்தாலே போதும்.

கேட்க வேண்டியவை சில. கடையைத் தொடங்கியவர் எந்த ஊரிலிருந்து வந்தார்? சமையலை யாரிடம் படித்தார்? எத்தனை மணிக்குத் திறந்தார், யாருக்காக? தட்டில் என்னென்ன, எத்தனை? தொகையை எப்படிக் கூவினார்கள்? கடன் கொப்பி இருக்கிறதா, அதில் மற்றச் சமூகத்தவரின் பெயர்கள் இருக்கின்றனவா? 1983இலும் 1990இலும் 2006இலும் கடை திறந்திருந்ததா, யார் யாருக்குச் சோறு கொடுத்தது? பெண்கள் எங்கே உட்கார்ந்தார்கள்? குசினியில் வேலை செய்த பெண்கள் யார்? இந்தக் கடைசிக் கேள்வியை மறந்துவிடக் கூடாது. இடியப்பமும் வட்டிலப்பமும் பெரும்பாலும் வீடுகளில் பெண்கள் அவித்து ஹோட்டல்களுக்கு அனுப்பியவை. அவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

திருகோணமலை மாவட்டத்தில் எமது இருப்புக்கு ஆதாரம் என்ன என்று கேட்கும் காலம் இது. கல்வெட்டையும் உறுதியையும் தேடுவோம், அவை வேண்டும். அவற்றோடு, சிங்களக் கடற்படைக்காரரும் தமிழ் வாத்தியாரும் முஸ்லிம் மீனவரும் பெயர் வைத்திருந்த ஒரு கடன் கொப்பி கிடைத்தால், அதையும் ஆதாரமாகக் கொள்ளலாம். அந்தக் காக்காவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. அடுத்த விடுமுறைக்கு மாணவிகள் நால்வர் கொப்பியோடு அவரிடம் போகிறார்கள். கிண்ணியா, மூதூர், தோப்பூர், குச்சவெளிப் பக்கத்து வாசகர்கள் தங்கள் ஊர்க் காக்காமாரிடம் போனால், கிடைப்பதையெல்லாம் அடுத்த அடுத்த இதழ்களில் ஒன்றாகப் பார்க்கலாம், இன்ஷா அல்லாஹ்.